ஏறு பெருந்தமனி வீக்கம் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது எப்படி?

இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்பட்டு, வளைவு தொடங்கும் இடம்வரை மேல்நோக்கிச் செல்லும் பெருந்தமனியின் முதற்பகுதிக்கு ஏறு பெருந்தமனி என்று பெயர். வளர்ந்தவர்களில் அதன் விட்டம் பெரும்பாலும் 3 செ.மீ.க்கும் 4 செ.மீ.க்கும் இடையில் இருக்கும். அந்த அளவைத் தாண்டி அது விரிந்து பெருத்துவிடும் வீக்கத்தையே மருத்துவர்கள் அனியூரிசம் என்கிறார்கள். வலியோ மூச்சிரைப்போ பொதுவாக இருப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த எக்கோ அல்லது சி.டி. ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரிகளில் '4.7 செ.மீ.' என்று ஓர் எண் வந்து உட்கார்ந்திருக்கும். அன்றிரவே வீட்டில் யாராவது ஒருவர் இணையத்தில் தேடத் தொடங்கிவிடுவார். ஒரு கட்டுரை 5.5 செ.மீ. வரை காத்திருக்கலாம் என்கிறது. இன்னொன்று 5.0 போதும் என்கிறது. மூன்றாவது, தமனிச் சுவர் பிளந்து மருத்துவமனைக்கு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விட்டம் 5.5-ஐ எட்டவே இல்லை என்கிறது. மூன்றும் பொய்யல்ல, மூன்றும் வெவ்வேறு மனிதர்களை எண்ணிப் பெற்ற விடைகள். யாரை எண்ணினார்கள், எதை அளந்தார்கள் என்று பார்க்கத் தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுரைகளுக்கிடையே உள்ள முரண்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும். அதற்கான வழிகாட்டி இது. எப்போது அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்ற முடிவை உங்கள் அறிக்கைகளைக் கையில் வைத்திருக்கும் இதய அறுவை மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

ஆய்வுச் சுருக்கத்தின் முடிவுரையை முதலில் படிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். செய்முறைப் பகுதியையும், நோயாளிகளின் அடிப்படை விவரங்கள் தரும் முதல் அட்டவணையையும் முதலில் படியுங்கள். எத்தனை பேரில் தொடங்கி, யார் யாரை எதற்காக விலக்கி, எத்தனை பேரில் முடித்தார்கள் என்று காட்டும் வரைபடம் இருந்தால் அதையும் பாருங்கள். முடிவுரை கடைசியில் வரட்டும்.

விட்டத்தை எப்படி அளந்தார்கள்?

தமனி வளைந்து செல்லும் குழாய். அதன் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டிப் பார்த்தால் வட்டம் தெரியும். சாய்வாக வெட்டினால் நீள்வட்டம் தெரியும், அதன் நீளமான பக்கத்தை அளந்தவருக்கு உண்மையைவிடப் பெரிய எண் கிடைக்கும். சி.டி.யில் உடலுக்குக் குறுக்கே எடுத்த படத்தை அப்படியே அளந்தார்களா, தமனியின் அச்சைப் பின்தொடர்ந்து திருத்தி அளந்தார்களா என்று கட்டுரை சொல்ல வேண்டும். இதயம் துடிக்கும்போது தமனியின் வேர்ப்பகுதியும் (இதயத்தை ஒட்டிய தொடக்கப்பகுதி) அசைவதால், ஈ.சி.ஜி.யோடு ஒத்திசைத்து எடுக்காத படத்தில் சுவரின் விளிம்பு மங்கும். எக்கோவில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு அளக்கும் மரபு ஒன்று, சி.டி.யில் இன்னொன்று; சுவரின் தடிமனைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே சில மில்லிமீட்டர் மாறிவிடும்.

இது அற்பமான நுணுக்கம் அல்ல. ஏறு பெருந்தமனி வீக்கம் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. அளவிலேயே வளர்கிறது. அளவீட்டுப் பிழையும் எளிதாக 1 அல்லது 2 மி.மீ. இருக்கும். ஆகவே ஓர் ஆண்டு இடைவெளியில், ஒன்றில் எக்கோவும் மற்றொன்றில் சி.டி.யும் எடுத்துவிட்டு '2 மி.மீ. வளர்ந்துள்ளது' என்று எழுதும் ஆய்வு, வளர்ச்சியை அளந்ததா கருவிகளின் வேறுபாட்டை அளந்ததா என்று கேட்பது உங்கள் உரிமை. ஒரே மையத்தில் ஒரே முறையில் பயிற்சி பெற்றவர்கள் எல்லாப் படங்களையும் மறுபடி அளந்திருந்தால் அந்த ஆய்வுக்கு ஒரு படி கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம். பழைய அறிக்கைகளில் எழுதியிருந்த எண்ணை எடுத்துச் சேர்த்திருந்தால் அதற்கேற்ற தள்ளுபடியோடு படியுங்கள். வேர்ப்பகுதியையும் அதற்கு மேலுள்ள குழாய்ப்பகுதியையும் பிரித்துச் சொல்லியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்; இரண்டும் வேறு வேறு காரணங்களால் விரிவடையலாம், அறுவை சிகிச்சையும் வேறு.

பின்னத்தின் பகுதியில் இருப்பவர்கள் யார்?

பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. ஆபத்தைச் சொல்லும் எந்தச் சதவீதமும் ஒரு பின்னம்தான். இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய குழப்பம் பகுதியைக் கவனிக்காததால் வந்தது என்பது என் கருத்து.

5.5 என்ற எண்ணுக்கான முக்கியச் சான்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜான் எலெஃப்தெரியாடிஸ் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறு பெருந்தமனி 6 செ.மீ.யை எட்டும் இடத்தில் வெடிப்பு, பிளவு (சுவரின் உள்ளடுக்கு கிழிந்து அடுக்குகள் பிரிவது) ஆகியவற்றின் ஆபத்து திடீரென எகிறுவதாகக் கண்டார்கள். ஆபத்து எகிறும் இடத்துக்கு அரை சென்டிமீட்டர் முன்னதாகவே தலையிடுவது அறிவுடைமை என்பதால் 5.5 என்ற வரம்பு வழிகாட்டுதல்களில் நிலைபெற்றது. இங்கே பகுதியில் இருந்தவர்கள், வீக்கம் கண்டறியப்பட்டு ஒரு சிறப்பு மையத்தின் கண்காணிப்பில் இருந்த நோயாளிகள்.

அடுத்து 2007-இல், கடுமையான பெருந்தமனிப் பிளவுக்கான சர்வதேசப் பதிவேடு ஒரு கட்டுரை வெளியிட்டது. 1996-இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டில், ஏறு பெருந்தமனி பிளந்து வந்த 591 பேரைப் பார்த்தபோது 59 சதவீதத்தினரின் விட்டம் 5.5 செ.மீ.க்குக் குறைவு, ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு 5.0-க்கும் குறைவு. படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். வரம்பையே தாழ்த்த வேண்டும் என்ற குரல் எழுந்தது.

இங்கே பகுதியில் இருந்தவர்கள் யார்? பிளவு ஏற்பட்டுவிட்டவர்கள் மட்டுமே. 4.5 செ.மீ. விட்டத்தோடு எந்தப் பிரச்சினையும் இல்லாமல் வீட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பதிவேட்டில் இல்லை, இருக்கவும் முடியாது. இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவின் வடபகுதியில் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் இருந்த 6,372 பேரைத் தொடர்ந்து பார்த்து 2022-இல் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுக்குள் பிளவு ஏற்படும் ஆபத்து 4.0 முதல் 4.4 செ.மீ. வரை உள்ளவர்களுக்கு 0.3 சதவீதம் என்றும், 6.0-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 10.5 சதவீதம் என்றும் மதிப்பிட்டார்கள். ஓர் ஊரில் முதல் வகையில் 10,000 பேரும் இரண்டாம் வகையில் 50 பேரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வகையில் 30 பேருக்குப் பிளவு வரும். இரண்டாம் வகையில் ஐந்து பேருக்கு. அந்த ஊர் மருத்துவமனையில் நின்று எண்ணுபவருக்கு, பிளந்து வந்த 35 பேரில் 30 பேருக்குத் தமனி 4.5-க்கும் குறைவாகத்தான் தெரியும். ஆனால் தனியொருவரின் ஆபத்தோ இரண்டாம் வகையில் 35 மடங்கு அதிகம். இரண்டு வாக்கியங்களும் ஒரே ஊரைப் பற்றியவை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பிளக்கும் கணத்திலேயே தமனி விரிந்துவிடுகிறது. பிளவுக்குச் சற்று முன்னர் தற்செயலாகப் படம் எடுத்திருந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, 2014-இல், ஏறு பெருந்தமனியின் விட்டம் பிளவோடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுவதைக் காட்டியது. ஆக, பிளந்த பிறகு அளந்த 5.3 என்பது முந்தைய நாள் 4-ஐ ஒட்டியே இருந்திருக்கக்கூடும். பிளவுக்குப் பின் அளந்த விட்டத்தை வைத்து, பிளவுக்கு முன் செய்யும் அறுவை சிகிச்சைக்கு வரம்பு வகுக்கும் கட்டுரையைப் பார்த்தால் நிதானமாகப் படியுங்கள்.

அந்தக் கலிபோர்னியா ஆய்வையும் கண்மூடி ஏற்கச் சொல்லவில்லை. 6,372 பேரில் உண்மையில் பிளவு ஏற்பட்டது 44 பேருக்கு மட்டுமே. அந்த 44 நிகழ்வுகளை ஐந்து அளவுப் பிரிவுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சும். நம்பக இடைவெளிகளை, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய கீழ், மேல் எல்லைகளை, பாருங்கள்: 5.5 முதல் 5.9 வரை உள்ளவர்களுக்கு 3.6 சதவீதம் என்ற மதிப்பீட்டின் இடைவெளி 1.8-இலிருந்து 12.8 வரை, 6.0-க்கு மேல் 10.5 என்பதன் இடைவெளி 2.7-இலிருந்து 44.3 வரை. சிறிய தமனிகளுக்கு ஆபத்து குறைவு என்பதை இந்த ஆய்வு உறுதியாகச் சொல்கிறது. பெரிய தமனிகளுக்கு எவ்வளவு என்பதைத் தளர்வாகத்தான் சொல்கிறது. செய்தித்தாள்கள் நடு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் இரு ஓரங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தமனிக்காரர்கள் ஏன் இவ்வளவு குறைவு? அவர்களுக்கு அறுவை சிகிச்சை நடந்துவிடுகிறது, அத்தோடு கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். எஞ்சுபவர்கள் சிகிச்சையை மறுத்தவர்கள், முதுமையால் தாங்கமாட்டார்கள் என்று மருத்துவர்கள் விட்டவர்கள், சுவர் உறுதியாக இருக்கிறது என்று மருத்துவர் நம்பியவர்கள். 'இயற்கையான நோய்ப்போக்கு' என்று கட்டுரை சொல்வது இந்தக் கலவையின் போக்கைத்தான். எதிர்த்திசையிலும் ஒரு சாய்வு உண்டு: தமனி பிளந்து வீட்டிலேயே இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை நடக்காவிட்டால், இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றே எழுதப்படும். இறப்புகளை எப்படி வகைப்படுத்தினார்கள் என்ற பத்தி செய்முறையில் இல்லாவிட்டால், பிளவின் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்றே கொள்ளுங்கள்.

உயரமும் மரபணுவும்

1.50 மீட்டர் உயரமுள்ள பெண்மணிக்கும் 1.85 மீட்டர் உயரமுள்ள ஆணுக்கும் 4.6 செ.மீ. ஒரே பொருளைத் தருமா? யேல் குழுவினர் 2006-இல் விட்டத்தை உடற்பரப்பால் (உயரம், எடை இரண்டையும் வைத்துக் கணக்கிடுவது) வகுத்துப் பார்த்தார்கள். பின்னர் 2018-இல் உயரத்தால் மட்டும் வகுத்தாலே போதும் என்று காட்டினார்கள். எடை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதற்காகத் தமனியின் ஆபத்து மாறிவிடாது என்பது நியாயமான வாதம். மற்றொரு முறையில், தமனியின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கணக்கிட்டு மீட்டரில் உள்ள உயரத்தால் வகுப்பார்கள். விடை 10-ஐ எட்டினால் அறுவை சிகிச்சையைக் கருதலாம் என்பதை 2022-இன் அமெரிக்க வழிகாட்டுதல், சராசரியைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குட்டையாகவோ உயரமாகவோ உள்ளவர்களுக்கு ஏற்றுக்கொள்கிறது. 4.6 செ.மீ. விட்டத்துக்குப் பரப்பு 16.6. அந்தப் பெண்மணிக்கு விடை 11.1, அந்த ஆணுக்கு 9.0. வரம்புகளுக்கு அடிப்படையான ஆய்வுகள் பெரும்பாலும் வட அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளிடம் நடந்தவை; நம்மில் பலரின் உயரம் அவர்களைவிடக் குறைவு. ஆகவே கட்டுரையில் சராசரி உயரமும் உடற்பரப்பும் தரப்பட்டுள்ளனவா என்று முதல் அட்டவணையில் தேடுவது தமிழ் வாசகருக்கு வீண்வேலை அல்ல.

மார்ஃபான் நோய்க்குறி, லோயிஸ்-டீட்ஸ் நோய்க்குறி போன்ற மரபுவழி நோய்கள் உள்ளவர்களுக்குத் தமனி சிறிய விட்டத்திலேயே பிளக்கலாம். அவர்களுக்கான வரம்புகள் 5.0-ஓ அதற்கும் கீழோ இருக்கும். அவர்களை மற்றவர்களோடு ஒரே கூடையில் போட்ட ஆய்வு இரு தரப்பினருக்கும் பயன்படாது. மருந்து ஆய்வுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மார்ஃபான் உள்ள 608 குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் அட்டெனலோல், லோசார்டன் என்ற இரண்டு இரத்தக்கொதிப்பு மருந்துகளுள் ஒன்றைக் கொடுத்து மூன்று ஆண்டுகள் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. தமனிவேர் விரியும் வேகத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அங்கே அளந்தது விரியும் வேகம், பிளவோ மரணமோ அல்ல. 65 வயது இரத்தக்கொதிப்பு நோயாளிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருவது பொருந்தாது.

அறுவை சிகிச்சை முடிவுகளைப் படிக்கும்போது

டென்டன் கூலியும் மைக்கேல் டிபேக்கியும் 1956-இல், இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு ஏறு பெருந்தமனியை வெட்டி மாற்றிய காலத்திலிருந்து இந்த அறுவை சிகிச்சை வெகுதூரம் வந்துவிட்டது. ஆனால் 'ஏறு பெருந்தமனி அறுவை சிகிச்சை' என்பது ஒரே சிகிச்சை அல்ல. வால்வுக்கும் இதயத் தமனிகளின் வாய்க்கும் மேலே குழாய்ப்பகுதியை மட்டும் செயற்கைக் குழாயால் மாற்றுவது ஒன்று. வேர், வால்வு, குழாய் மூன்றையும் மாற்றி, இதயத் தமனிகளை மறுபடி பொருத்தும் பென்டால் முறை (1968-இல் ஹியூ பென்டாலும் அந்தோனி டி போனோவும் விவரித்தது) மற்றொன்று. வால்வைக் காப்பாற்றி வேரை மட்டும் மாற்றும் முறை, டொரன்டோவின் டைரோன் டேவிட் பெயரால் அறியப்படுவது, வேறொன்று. வளைவின் ஒரு பகுதியையும் மாற்ற வேண்டியிருந்தால் உடலைக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்த வேண்டியிருக்கும். மூளைக்கான ஆபத்து கூடும். இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே இறப்பு விகிதம் சொல்லும் கட்டுரையிலிருந்து உங்களுக்குரிய எண்ணைப் பிரித்தெடுக்க முடியாது.

திட்டமிட்டதா, அவசரமா என்பது அதைவிட முக்கியம். வட அமெரிக்காவின் நெஞ்சறை அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் பதிவேட்டில் 2004 முதல் 2009 வரை நடந்த ஏறத்தாழ 46,000 அறுவை சிகிச்சைகளைத் தொகுத்த கட்டுரை, திட்டமிட்டவற்றில் இறப்பு 3.4 சதவீதம் என்றும் அவசரமாகச் செய்தவற்றில் 15.4 சதவீதம் என்றும் காட்டியது. அளவு சிறியதாக இருக்கும்போதே செய்யலாம் என்ற வாதத்தின் முதுகெலும்பு இந்த இடைவெளிதான். ஆனால் அந்த வாதத்தில் ஒரு பாதி மறைக்கப்படும்: 5.0 செ.மீ. உள்ள எல்லோருக்கும் அவசர நிலை வரப்போவதில்லை. அறுவை சிகிச்சையின் ஆபத்தோ செய்துகொள்ளும் எல்லோருக்கும் முன்கூட்டியே வந்து சேரும். 2022-இன் அமெரிக்க வழிகாட்டுதல் 5.5-க்கு உறுதியான பரிந்துரை கொடுத்துவிட்டு, 5.0-க்கு அனுபவமிக்க அறுவை மருத்துவர்களும் பல்துறைக் குழுவும் இருந்தால் செய்யலாம் என்று தளர்த்திச் சொல்வது இதனால்தான். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் ஏராளம்.

'இறப்பு' என்றால் என்ன என்பதையும் தேடிப் பாருங்கள். மருத்துவமனையில் இறந்தவர்களை மட்டும் எண்ணினார்களா, வீட்டுக்குப் போய் 25-ஆம் நாள் இறந்தவரையும் எண்ணினார்களா? வென்டிலேட்டரில் 40 நாள் இருந்து இறந்தவர், '30 நாள் இறப்பு' என்ற வரையறையில் உயிர்பிழைத்தவராகிவிடுவார். பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மறு அறுவை சிகிச்சை ஆகியவை தனித்தனியே தரப்பட்டிருக்க வேண்டும்.

சில பேரை மட்டும் வைத்து எழுதிய சிறிய ஆய்வுகளின் பெருமையை ஒரு எளிய விதியால் அளக்கலாம். ஒரு மையம் 60 பேருக்குச் செய்து ஒருவர்கூட இறக்கவில்லை என்று எழுதினால், 3-ஐ 60-ஆல் வகுங்கள். விடை 5 சதவீதம். உண்மையான இறப்பு விகிதம் 5 சதவீதம் வரை இருந்தும் தற்செயலாகச் சுழியம் கிடைத்திருக்கலாம் என்பதே பொருள். 50 பேரில் ஒருவர் இறந்தார், ஆகவே 2 சதவீதம் என்று சொன்னால், அதன் நம்பக இடைவெளி ஏறத்தாழ 10 சதவீதத்தைத் தொடும். அதோடு, நல்ல முடிவு பெற்ற மையங்களே கட்டுரை எழுதுகின்றன. உங்கள் ஊர் மருத்துவமனையின் எண் அதில் இல்லை. அதை நேரில்தான் கேட்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், அவற்றில் திட்டமிட்டவை எத்தனை என்று கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பத்தாண்டு உயிர்வாழ்வு வரைபடத்தைப் பார்த்தால், கோட்டின் அழகை விட்டுவிட்டு அடியிலுள்ள சிறிய எண்களைப் பாருங்கள். 300 பேரில் தொடங்கி, பத்தாம் ஆண்டில் கண்காணிப்பில் இருப்பவர்கள் 12 பேர் என்றால், அந்தக் கோட்டின் வால்பகுதி 12 பேரின் கதை. முதியவர்களில் மறு அறுவை சிகிச்சை எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது என்று கணக்கிடும்போது, அதற்குள் வேறு நோயால் இறந்தவர்களை எப்படிக் கையாண்டார்கள் என்பதும் விடையை மாற்றும். இறந்தவர்களை வெறுமனே கணக்கிலிருந்து விலக்கினால் மறு அறுவையின் விகிதம் ஊதிப் பெருத்துவிடும்.

அறுவையா, கண்காணிப்பா என்று ஒப்பிடும் ஆய்வுகள்

பழைய பதிவுகளைப் புரட்டி, அறுவை செய்துகொண்டவர்களையும் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டு, முதல் குழுவே அதிக நாள் வாழ்ந்தது என்று சொல்லும் கட்டுரைகளில் இரண்டு இடங்களைச் சோதியுங்கள். முதலாவது, மருத்துவர்கள் அறுவைக்குத் தேர்ந்தெடுப்பது தாங்கக்கூடிய உடல்வாகு உள்ளவர்களையே. வயது, சர்க்கரை, சிறுநீரகம் ஆகியவற்றைப் புள்ளியியல் முறையில் பொருத்தினாலும், அறைக்குள் நுழையும்போதே மருத்துவரின் கண்ணுக்குத் தெரியும் தளர்ச்சி எந்த அட்டவணையிலும் இருக்காது. இரண்டாவது, நேரக் கணக்கு. நோய் கண்டறிந்து ஓராண்டு கழித்து அறுவை செய்துகொண்டவர், அந்த ஓராண்டும் உயிரோடு இருந்ததால்தான் அந்தக் குழுவுக்கு வந்தார். அந்த ஓராண்டை அறுவைக் குழுவின் கணக்கில் சேர்த்தால் அக்குழுவுக்கு இலவசமாக ஆயுள் கிடைத்துவிடும். கண்காணிப்பு எந்த நாளிலிருந்து தொடங்கியது என்ற ஒற்றை வரியில் இது வெளிப்படும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் கனடாவின் தலைமையில் 'டைட்டன்' என்ற சமவாய்ப்பு ஒதுக்கீட்டு ஆய்வு தொடங்கப்பட்டது. 5.0 முதல் 5.4 செ.மீ. வரை உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் உடனடி அறுவைக்கோ கண்காணிப்புக்கோ அனுப்புவது அதன் வடிவம். அதன் முடிவுகளைப் படிக்கும்போது, பங்கேற்க மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் பாருங்கள். பிறகு, கண்காணிப்புக் குழுவில் இருந்து இடையில் அறுவைக்கு மாறியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். தமனி வளர்ந்ததால் மாறினார்களா, பயத்தால் மாறினார்களா என்பதைக் கட்டுரை பிரித்துச் சொல்ல வேண்டும். மாறியவர்களை முதலில் ஒதுக்கப்பட்ட குழுவிலேயே வைத்துக் கணக்கிட்டார்களா, மாறிய குழுவில் சேர்த்தார்களா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு முடிவுரைக்குப் போங்கள்.